அலுமினியப் படகு: 12 அடியா, 14 அடியா? – கேள்வி பதில்

கிருஷ்ணகிரி அணையிலும், மேட்டூர் அணை நீர் தேங்கி நிற்கும் நாகமரை, ஒட்டனூர்ப் பக்கத்திலும் மீன் பிடிக்கும் நண்பர்கள் பலர், பரிசலை விட்டு இன்ஜின் படகுக்கு மாற எண்ணி, இரண்டு படகுகளைக் குறித்தே திரும்பத் திரும்பக் கேட்கின்றனர். ஒன்று, 12 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட தட்டையடிப் படகு, 1.6 மில்லிமீட்டர் தகட்டை ரிவிட் அடித்து இணைத்தது. எடை சுமார் 60 கிலோ. மற்றது, 14 அடி நீளமும் 5 அடி அகலமும் உடையது. அடிப்பகுதி 'வி' வடிவில் அமைந்தது. 3 மில்லிமீட்டர் தகட்டில் வெல்டிங் செய்தது. எடை சுமார் 150 கிலோ. பென்னாகரத்தில் படகுகளையும், அவற்றின் பின்பலகையில் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்களையும் பழுது பார்த்து வருபவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): ஐயா, கிருஷ்ணகிரி அணையில் நானும் என் தம்பியும் மட்டும் வலை விடுகிறோம். பெரிய படகாக வாங்கினால் பின்னாளில் உதவும் என்று வீட்டில் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: உங்களுக்கு 12 அடிப் படகே போதும். அணை நிரம்பியிருக்கும் நாளை வைத்துப் படகு வாங்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் தண்ணீர் உள்வாங்கி, கரைக்கும் நீருக்கும் இடையே சேறு விரிந்து கிடக்கும் நாளை வைத்துத்தான் வாங்க வேண்டும். அன்றைக்கு 60 கிலோ படகை இரண்டு பேர் தூக்கிச் சென்று நீரில் இறக்கிவிடலாம். 150 கிலோ படகைச் சேற்றில் இழுப்பதற்கு நான்கு பேரைத் தேட வேண்டியிருக்கும். தட்டையடிப் படகின் அடிப்பரப்பு ஏறக்குறைய 4 சதுர மீட்டர் என்பதால், 40 கிலோ ஏற்றினால் அது 1 சென்டிமீட்டர்தான் அமிழும். படகு, இன்ஜின், நீங்கள் இருவர், வலை எல்லாம் சேர்ந்து 260 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் அமிழ்வது ஆறேழு சென்டிமீட்டரே. ஆழம் குறைந்த இடத்தில் இன்ஜினைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கழி ஊன்றிச் செல்லலாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். தட்டையடிப் படகு, காலை வைத்தவுடன் அசையாமல் நிற்பதால் நம்பிக்கை தரும். ஆனால் இருவரும் ஒரே பக்கம் நின்று கனமான வலையை இழுக்கும்போது, விளிம்பு நீர்மட்டத்தைத் தொட்டுவிட்டால், அதன் பிறகு எச்சரிக்கை எதுவும் தராமல் கவிழ்ந்துவிடும். ஒருவர் வலை இழுத்தால் மற்றவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கேள்வி (நாகமரை): அண்ணா, அக்கரையில் பண்ணவாடி வரை சென்று வலை விடுகிறோம். ஆடிக் காற்றில் அலை பெரிதாக வருகிறது. அதே 12 அடிப் படகு எங்களுக்கும் சரிப்படுமா?

பதில்: சரிப்படாது, நீங்கள் 14 அடிப் படகையே வாங்குங்கள். அங்கே நீர்ப்பரப்பு அகன்றிருப்பதால், தென்மேற்குக் காற்று தடையின்றி நீண்ட தூரம் ஓடிவந்து அலையை வளர்த்துவிடுகிறது. தட்டையடி அந்த அலைமேல் ஒவ்வொரு முறையும் அறைந்து விழும். முதுகு வலிப்பது ஒருபுறமிருக்க, அந்த அறைதான் ரிவிட்டுகளை நாளடைவில் தளர்த்துகிறது. 'வி' அடி அலையைப் பிளந்து செல்லும். விளிம்பும் உயரமாக இருப்பதால் உள்ளே தண்ணீர் அடிப்பது குறையும்.

தகட்டின் கனமும் உங்களுக்கு முக்கியம். மேட்டூர் அணையின் நீர்மட்டம் சரியும்போது பண்ணவாடிப் பக்கம் தேவாலயக் கோபுரமும் நந்தி சிலையும் தலைகாட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவை வெளியே தெரியும் நாள்களைவிட, ஒரு முழ ஆழத்தில் மறைந்திருக்கும் நாள்கள்தான் ஆபத்தானவை. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையில் மூழ்கிய ஊர்களின் சுவர்களும் கற்களும் இன்றும் அடியில் கிடக்கின்றன. 3 மில்லிமீட்டர் தகடு இடி வாங்கினால் பெரும்பாலும் நசுங்கும், 1.6 மில்லிமீட்டர் தகடு கிழியக்கூடும்.

கேள்வி (பாலக்கோடு): பழைய ரிவிட் படகு ஒன்று மலிவாக வருகிறது. ஒழுகுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: படகைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பதைவிட, தண்ணீரைப் படகில் விட்டுப் பாருங்கள். இரண்டு மரக்குதிரைகள் (மரத் தாங்கிகள்) மேல் படகை ஏற்றி, உள்ளே நான்கு விரல் உயரத்துக்கு மட்டும் நீர் ஊற்றுங்கள். அதற்கு மேல் ஊற்றினால் எடை தாங்காமல் அடி வளைந்துவிடும். அடிப்பகுதியை முன்பே துணியால் உலரத் துடைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துக் கீழே குனிந்து, ரிவிட் வரிசையை விரலால் தடவிக்கொண்டே செல்லுங்கள். நல்ல ரிவிட் காய்ந்திருக்கும்; தளர்ந்த ரிவிட்டின் தலையைச் சுற்றி முதலில் மெல்லிய ஈர வளையம் படியும், பிறகு கடுகளவில் ஒரு துளி தொங்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வட்டங்கள் ஐந்தாறு என்றால் மீண்டும் அடித்து இறுக்கிச் சரிசெய்யலாம். ஒரே வரிசையில் தொடர்ந்து இருபது முப்பது என்றால், இணைப்பே தளர்ந்துவிட்டது என்று பொருள், விட்டுவிடுங்கள்.

அதன் பிறகு, இன்ஜின் மாட்டும் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு நான் அப்படிப் பார்க்காமல் ஒரு படகை வாங்கினேன். வெளியே அலுமினியத் தகடு பளபளவென்று இருந்தது. உள்ளே இருந்த பிளைவுட் ஊறி மக்கிப் போயிருந்தது. ஒட்டனூர்க் கரையிலிருந்து புறப்பட்டு வேகம் கூட்டியபோது, இன்ஜின் பலகையோடு பின்னால் சாய்ந்து, இரும்புக் கம்பியால் கட்டி வைத்திருந்ததால் மட்டுமே நீருக்குள் போகாமல் தப்பியது. சுத்தியலின் மரப்பிடியால் தட்டினால் நல்ல பலகை கணீரென்று ஒலிக்கும். மக்கிய பலகை மொத்தென்று சொல்லும். மாற்றும்போது செம்பு உப்பில் பதப்படுத்திய மரத்தைப் போட்டுவிடாதீர்கள். ஈரத்தில் செம்பு, அலுமினியத்தை அரித்துவிடும்.

கேள்வி (பர்கூர்): இரண்டுக்கும் ஒரே 15 குதிரைத்திறன் இன்ஜினை மாட்டலாமா?

பதில்: வேண்டாம். 15 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் சுமார் 50 கிலோ. ஓட்டுபவரும் பின்னாலேயே உட்காருவதால் 12 அடிப் படகின் பின்பக்கம் தாழ்ந்து, மூக்கு வானம் பார்க்கும். அதற்கு 6 குதிரைத்திறன் இன்ஜின் போதும். எடையும் சுமார் 27 கிலோதான். 14 அடிப் படகு நீரின் மேற்பரப்பில் எழும்பி ஓட வேண்டும் என்றால்தான் 15 தேவைப்படும். எழும்பாத வரை அதன் வேகம் மணிக்கு 9 கிலோமீட்டர் அளவில் நின்றுவிடும், எவ்வளவு பெட்ரோல் எரித்தாலும் பெரிய பயன் இராது.

குதிரைத்திறனைக் கேட்கும் பலரும் இன்ஜின் காலின் (நீருக்குள் இறங்கும் பகுதியின்) நீளத்தைக் கேட்பதில்லை. பின்பலகையின் உயரம் 15 அங்குலமா, 20 அங்குலமா என்று அளந்து, அதற்கேற்ற இன்ஜினை வாங்குங்கள். புரொப்பல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகடு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். மேலே இருந்தால் புரொப்பல்லர் காற்றை இழுத்து வீணாகச் சுழலும். மிகக் கீழே இருந்தால், நம் அணைகளின் சேற்றையும் கல்லையும் அது முதலில் தொடும்.

கேள்வி (ஓசூர்): கெலவரப்பள்ளி அணையில் அடிக்கடி நுரை பொங்குகிறது. அந்த நீரில் அலுமினியம் தாங்குமா?

பதில்: அலுமினியத்தின் மேல் தானாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி அதைக் காக்கிறது. நீரின் பிஎச் அளவு (அமிலத் தன்மை, காரத் தன்மையின் அளவு) 4 முதல் 8.5 வரை இருக்கும்போது அந்தப் படலம் நிலைத்திருக்கும். கழிவு கலந்து அந்த எல்லை தாண்டினால் கரையத் தொடங்கும். 5052, 5083 ஆகிய கலவைகளில் செய்த தகடா என்று கேட்டு வாங்குங்கள். அவை நீருக்கென்றே ஏற்றவை. ஒவ்வொரு நாளும் கரையேறியதும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். இன்ஜினில் உள்ள அரிமானக் காப்புக் கட்டி (தான் அரிந்து இன்ஜினைக் காக்கும் உலோகத் துண்டு), நன்னீருக்கு மெக்னீசியத்தில் இருக்க வேண்டும். கடலுக்கான துத்தநாகக் கட்டி நன்னீரில் சரியாக வேலை செய்யாது.

கேள்வி (ஊட்டமலை): ஒகேனக்கல்லில் பரிசலுக்குப் பதிலாக இவற்றில் எதை விடலாம்?

பதில்: இரண்டையும் விட வேண்டாம். பாறை இடுக்கில் பரிசல் சுழன்று, உரசி, வழுக்கிச் சென்றுவிடும். நீண்ட படகு குறுக்கே மாட்டிக்கொள்ளும், புரொப்பல்லர் முதல் பாறையிலேயே உடையும். அங்கே பரிசலை மிஞ்சும் படகை நான் பார்த்ததில்லை.

கேள்வி (ஒட்டனூர்): சார், 14 அடிப் படகு வாங்கினால் மீன்பிடிப்போடு, குழந்தைகள் உட்பட எங்கள் குடும்பத்தார் ஏழு பேரும் அக்கரையில் உள்ள கோட்டையூருக்குச் சென்றுவரலாம் அல்லவா?

பதில்: அம்மா, ஏழு பேர் கூடாது. நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுப்பது, சிறு படகுகளுக்கு உலகெங்கும் வழங்கும் ஒரு கணக்கு. 14ஐ 5ஆல் பெருக்கினால் 70. வகுத்தால் நான்கே முக்காலுக்கும் குறைவு. ஆகவே நான்கு பேர். 12 அடிப் படகுக்கு மூன்று பேர். அதுவும் காற்றில்லாத நாளுக்கான கணக்கு. இரண்டு நடையாகச் செல்லுங்கள்.

பரிசலில் பழகியவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். மூங்கில் பரிசல் நீர் நிரம்பினாலும் பிடித்துக்கொள்ள மிதந்து கிடக்கும்; அலுமினியமோ நீரைவிட 2.7 மடங்கு அடர்த்தியானது, நீர் நிரம்பினால் இன்ஜினோடு அடிக்குப் போய்விடும். எனவே இருக்கைகளுக்கு அடியில் மிதவை நுரை அடைக்கப்பட்டிருக்கிறதா என்று திறந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள். அந்த நுரை ஊறிக் கனத்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆள் தவறி விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் சுருள் கயிற்றை ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். இன்ஜின் பொருத்திய படகு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின் கீழ் வருவதால், வாங்கும் முன்பே மீன்வளத் துறை அலுவலகத்தில் அனுமதியும் பதிவும் குறித்து எழுத்தில் கேட்டுவிடுங்கள். உயிர்காப்பு மேலங்கி குழந்தையின் எடைக்கு ஏற்றதாக இருக்கட்டும். பெரியவர்களுடையதைக் குழந்தைக்கு மாட்டினால், நீரில் விழுந்தவுடன் அது தலைவழியே கழன்றுவிடும். கவட்டைக்கு அடியில் கட்டும் பட்டை உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.