சித்திரையில பொறந்ததுக்கு அக்கா மேல பழியா?

கேள்வி: எங்க அக்கா பையனுக்கு 20 வயசு. ஒரு வருஷமா யாரோ பேசுறது காதுல கேக்குதுன்னு சொல்றான், காலேஜையும் விட்டுட்டான். டாக்டர் ஸ்கிசோஃப்ரினியான்னு சொல்லி மாத்திரை ஆரம்பிச்சிருக்கார். பையன் சித்திரையில பொறந்தவன். போன வாரம் ஒரு விசேஷத்துல மாமாவோட பெரியம்மா, "ஆடியில பிரிச்சு வைக்கணும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க, குளிர்காலம் வசந்த காலத்துல பொறந்தா இந்த நோய் வரும்னு இப்ப வெள்ளைக்காரனே கண்டுபிடிச்சிருக்கான், இவதான் கேக்கல"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. அன்னிலேர்ந்து அக்கா சரியா சாப்பிடறதில்ல. அந்த ஆராய்ச்சி உண்மையா? - ஒரு வாசகி, கரூர்

பதில்: ஆராய்ச்சி நடந்தது நெசம்தான் சகோதரி. ஆனா அதை வச்சு உங்க அக்காவை குத்தம் சொல்ல அதுல ஒரு வரி கூட கிடையாது, இதை முதல்ல அவங்ககிட்ட போய் சொல்லிட்டு வாங்க, மிச்சத்தை அப்புறமா படிச்சுக்கலாம்.

விஷயம் 1929லயே ஆரம்பிச்சது. சுவிட்சர்லாந்துல ட்ராமர்னு ஒரு மனநல டாக்டர், நோயாளிங்க பொறந்த மாசத்தை எண்ணிப் பாத்து, குளிர்கால மாசங்கள்ல கொஞ்சம் கூடுதலா இருக்கேன்னு எழுதினார். அப்புறம் ஐரோப்பா, அமெரிக்கான்னு வடக்குப் பக்க நாடுகள்ல நூத்துக்கணக்கான ஆய்வு நடந்து, குளிர்காலத்துலயும் வசந்தத்துலயும் பொறந்தவங்க இந்த நோயாளிங்க மத்தியில எதிர்பார்த்ததை விட 5லேர்ந்து 8 சதவீதம் அதிகம்னு தெரிஞ்சது. இந்த 8 சதவீதத்தைத்தான் நம்மாளுங்க 100 குழந்தையில 8 குழந்தைக்கு வரும்னு படிச்சுடறாங்க. அப்படி இல்ல.

1999ல டென்மார்க்ல பதினேழரை லட்சம் பேரோட பதிவேட்டை வச்சு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. அதுல பிப்ரவரி மார்ச் வாக்குல பொறந்தவங்களுக்கு, ஆகஸ்ட் செப்டம்பர்ல பொறந்தவங்களை விட ஆபத்து 11 சதவீதம் கூடுதல். ஒரு கணக்குக்கு, 10,000 பேர்ல 70 பேருக்கு வாழ்நாள்ல இந்த நோய் வரும்னு வச்சுக்குங்க, 11 சதவீதம் கூடினா அது 78 ஆகும், அவ்வளவுதான், மீதி 9,922 பேரும் அதே மாசத்துல பொறந்து நோய் இல்லாம இருக்காங்க. அதே ஆய்வுல அம்மாவுக்கு இந்த நோய் இருந்தா பிள்ளைக்கு ஆபத்து 9 மடங்கு, தலைநகர் கோபன்ஹேகன்ல பொறந்தவங்களுக்கு கிராமத்துல பொறந்தவங்களை விட ரெண்டு மடங்குக்கும் மேல. அந்த 9 மடங்குலயும் கூட பெரும்பாலான பிள்ளைங்களுக்கு வர்றதில்ல.

பெரியம்மா கேள்விப்பட்டது வேற ஒரு நம்பரா இருக்கலாம். மொத்த நோயாளிங்கள்ல பிறந்த பருவத்தோட பங்கு 10.5 சதவீதம், குடும்ப நோயோட பங்கு 5.5 சதவீதம்தான்னு அதே ஆய்வுல ஒரு கணக்கு இருக்கு. அதைப் பாத்தா ரத்தத்தை விட மாசம்தான் பெருசுன்னு தோணும். ஆனா பொறந்த மாசம் எல்லாருக்கும் இருக்கு, அம்மா அப்பா கூடப்பொறந்தவங்களுக்கு இந்த நோய் இருக்கறவங்க ரொம்ப கொஞ்சம் பேர், சின்ன ஆபத்து லட்சக்கணக்கான பேர் மேல பரவினா கூட்டுத்தொகை பெருசாத்தான் தெரியும். ஒத்தப் பிள்ளைக்கு இந்த கூட்டுத்தொகை எதையும் சொல்லாது.

இப்ப சித்திரைக்கு வருவோம். கோபன்ஹேகன்ல டிசம்பர் மாசம் ஒரு நாளைக்கு வெளிச்சமே 7 மணி நேரம்தான். மார்ச்ல பெத்தெடுக்கற அம்மா கடைசி மாசங்களை அந்த இருட்டுலயும் ஃப்ளூ காய்ச்சல் சீசன்லயும் கழிச்சிருப்பாங்க, அதனால வெயில் படாம விட்டமின் டி குறைஞ்சதா, காய்ச்சல் கிருமியா, இதுல எதுன்னு இன்னும் முடிவாகல. உங்க அக்கா சித்திரை வரைக்கும் கரூர் வெயில்லதான நடமாடினாங்க? தை மாசத்துலயும் இங்க பதினோரு மணி நேரத்துக்கு மேல பகல். நம்மூர்லயும் விட்டமின் டி கம்மியா இருக்கறவங்க நெறைய பேர் உண்டு, அதுக்கு சித்திரை என்ன பண்ணும்? பூமத்திய ரேகைக்கு பக்கத்துல இருக்கற சிங்கப்பூர்ல தேடினப்ப இந்த பருவக் கணக்கே தெரியல, பூமிக்கு தெற்குப் பாதியில உள்ள நாடுகளோட ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்தப்பவும் தெளிவா எதுவும் வரல. டென்மார்க்கோட வசந்தத்தை எடுத்து நம்ம அக்னி நட்சத்திரத்துக்கு ஒட்ட வைக்கறது அநியாயம். சித்திரை வெயில்ல பிரசவம் கஷ்டம்னுதான் ஆடியில பிரிச்சு வச்சாங்கன்னு சொல்வாங்க, அந்தப் பேச்சை அதோட நிறுத்திக்கணும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம் வருதுன்னா, நான் ஹைஸ்கூல் படிக்கறப்ப எங்க தெருவுல ஒரு டெய்லர் மகன் இருந்தான், குரல் கேக்காம இருக்கணும்னு தேங்காண்ணெயில நனைச்ச பஞ்சை ரெண்டு காதுலயும் அடைச்சுக்கிட்டு திண்ணையில உக்காந்திருப்பான். அவங்க அம்மா மஞ்சப்பையில ஜாதகத்தை வச்சுக்கிட்டு ஊர் ஊரா போவாங்க, யார் கேட்டாலும் பிள்ளை பேரை சொல்றதுக்கு முன்னாடி நட்சத்திரத்தை சொல்லிட்டு அழுவாங்க. முதல் மாத்திரை வாய்க்குப் போக நாலு வருஷம் ஆச்சு. இந்த நோய்ல வைத்தியம் தள்ளிப்போற ஒவ்வொரு மாசமும் நஷ்டம். பொறந்த மாசத்தை நோண்டிக்கிட்டு இருந்த அந்த நாலு வருஷத்தை அவனுக்கு யாரும் திருப்பித் தரல.

உங்க அக்கா பையனை ஒரு வருஷத்துக்குள்ள டாக்டர்கிட்ட கொண்டு போயிட்டாங்க, அது பெரிய விஷயம். குரல் நின்னுடுச்சுன்னு டாக்டரைக் கேக்காம மாத்திரையை நிறுத்திடாதீங்க, நோய் திரும்பறதுக்கு அதுதான் முக்கியமான காரணம். கஞ்சா பழக்கம் ஏதாவது இருக்கான்னு திட்டாம கேளுங்க, அது நோயை மோசமாக்கும். தூக்கம் குறையுதான்னு தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதி அடுத்த தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க. அக்காவையும் அப்ப கூட்டிட்டுப் போய், அவங்க சாப்பிடாம இருக்கறதையும் சொல்லுங்க. நடுராத்திரி யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியலன்னா டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416க்கு போன் போடுங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

பெரியம்மாவுக்கு பதில் சொல்ற வேலையை அக்கா தலையில வைக்காதீங்க. அதை உங்க மாமாதான் சொல்லணும், அடுத்த விசேஷத்துல, அதே மாதிரி எல்லார் முன்னாடியும்.