பேரியல் பொருளியல் நடத்துவோர் கேட்டவை: கேள்வி பதில்

கேள்வி: பணவீக்கம் குறைந்தது என்றாலே விலை இறங்கிவிட்டது என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். எப்படித் திருத்துவது?

பதில்: விளக்கத்தில் இறங்காதீர்கள். விலைக் குறியீடு 100, 110, 118 என்று பலகையில் எழுதி, பணவீக்கத்தை அவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். முதலில் 10 சதவீதம். அடுத்ததற்குப் பலர் 8 என்பார்கள்; 8-ஐ 110-ஆல் வகுக்க வேண்டும், 7.3 சதவீதம். பிறகு "விலை எந்த ஆண்டில் இறங்கியது?" என்று கேளுங்கள். அரசின் பற்றாக்குறைக்கும் (ஓர் ஆண்டில் வரவை மிஞ்சிய செலவு) கடனுக்கும் இதே குழப்பம்தான். பற்றாக்குறை 40-லிருந்து 25-ஆகக் குறைந்தாலும், 500-ஆக இருந்த கடன் 540, 565 என்று ஏறிக்கொண்டே போகும்.

கேள்வி: ஒரு தொடக்கச் செலவு மொத்த வருமானத்தை எத்தனை மடங்காகக் கூட்டும் என்று சொல்லும் பெருக்கியின் சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம். ஏன் என்று கேட்டால் பதில் இல்லையே?

பதில்: சூத்திரத்தைக் கடைசியில் கொடுங்கள். இறுதிநிலை நுகர்வு நாட்டம், அதாவது கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயிலும் செலவாகும் பங்கு, 0.8; தொடக்கச் செலவு 100. வருமானம், செலவு, சேமிப்பு என்று மூன்று பத்திகள் போட்டு ஐந்து சுற்றுகளைக் கையால் நிரப்பட்டும். வருமானம் 100, 80, 64, 51.20, 40.96, கூட்டினால் 336.16. மொத்தம் 500-இல் மூன்றில் இரண்டு பங்கு ஐந்தே சுற்றில் வந்துவிடுகிறது. இதில் நுட்பமான இடம் சேமிப்புப் பத்திதான்: 20, 16, 12.80 என்று போய், எல்லாச் சுற்றும் முடிந்தால் சரியாக 100. போட்ட பணம் முழுவதும் சேமிப்பாக ஒதுங்கும்வரை சுற்று ஓடுகிறது என்பது அங்கேதான் பிடிபடும். காகித நோட்டைக் கைமாற்றிக் காட்டும் விளையாட்டு எனக்கு உடன்பாடில்லை. 500 என்பது புதிதாக முளைத்த பணம் என்று நினைத்துவிடுவார்கள். அது வருமானத்தின் கூட்டுத்தொகை.

அடுத்த வகுப்பில் 25 சதவீத வரியையும், வருமானத்தில் 10 சதவீத இறக்குமதியையும் சேருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் உள்நாட்டில் செலவாவது 0.8 × 0.75 − 0.1, அதாவது 0.5. பெருக்கி 5-லிருந்து 2-க்கு விழும்.

கேள்வி: பண்டச் சந்தை சமநிலையில் இருக்கும் வட்டி, வருமான இணைகளைக் காட்டும் ஐஎஸ் கோடு எப்போது நகரும், எப்போது நகராது?

பதில்: வட்டி, வருமானம் இரண்டும் அச்சில் இருப்பவை. அவை மாறினால் கோட்டின் மேலேயே நகர்வு. அரசுச் செலவு போல அச்சில் இல்லாதது மாறினால் கோடே இடம்பெயரும். அச்சுக்குப் பெயர் எழுதாத படத்துக்கு மதிப்பெண் தராதீர்கள். பாதிப் பிழை அதிலேயே தீரும்.

கேள்வி: எதிர்பார்ப்புகளை இளங்கலையில் நடத்த முடியுமா?

பதில்: ஒரு வகுப்பு போதும். எதிர்பார்த்த பணவீக்கம் 2, வந்தது 5 என்றால் அதிர்ச்சி 3. வேலையின்மை சற்றுக் குறையலாம். மறு ஆண்டு எல்லாரும் 5-ஐ எதிர்பார்த்துக் கூலி பேசுகிறார்கள், வந்ததும் 5, அதிர்ச்சி பூஜ்யம். கூலி அல்லது விலை ஏற்றம் கூடினால் வேலையின்மை குறையும் என்று காட்டும், 1958-இல் வந்த பிலிப்ஸ் கோடு 1970-களில் ஏன் தடுமாறியது என்பதை இந்த இரண்டு வரிக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். இயற்கணிதம் முதுகலைக்கு இருக்கட்டும்.