முதலில் மணித்தியாலத்தைக் கேளும், தம்பி

தம்பி, நீர் கனடா வந்து மூன்று மாதம், ரொறன்ரோ ஸ்காபுரோவில் ஒரு மோலில் இரவுக் கிளீனிங். அடுத்த மாதம் தரை கழுவும் றோபோ இரண்டு வருகிறதாம். கொம்பியூட்டர் தெரிந்த பெடியன் என்று உம்மை மட்டும் பழக்கப் போகிறார்களாம். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து கூட வேலை செய்கிற அம்மாமார் உம்மோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லையாம். ஒத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர். ஜக்கெற் எங்கே மலிவு, பேஸ்மென்ற் வாடகை என்ன என்றும் கேட்டிருக்கிறீர். அவற்றைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். றோபோ விஷயத்தை நான் சொல்கிறேன்.

நான் 1990 நவம்பரில் வந்தேன். மூன்றாம் கிழமையே டவுன்ரவுனில் ஒரு கந்தோர்க் கட்டடத்தில் இரவு வேலை. ஆறு பேர், மொப், வாளி. இரண்டு வருடம் கழித்து ஓட்டோ ஸ்க்ரபர் வந்தது, பின்னால் நடந்து ஓட்டுகிற மெஷின். சுப்பவைசர் தனக்கு வேண்டிய ஒருவருக்கு மட்டும் அதைப் பழக்கினார். ஒரு மாதத்தில் மற்ற ஐந்து பேருக்கும் எட்டு மணித்தியாலம் ஆறாகிப் போனது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. குறைந்த அந்த இரண்டு மணித்தியாலம்தான் நான் ஊரில் அம்மாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காசு.

ஆகவே ஒத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு முதல் மனேஜரிடம் இரண்டு கேள்வி கேளும். வாயால் வேண்டாம், ஈமெயிலில் கேளும். யாருக்காவது மணித்தியாலம் குறையுமா? எல்லோரையும் பழக்குவீர்களா? யூனியன் இருந்தால் அவர்களுக்கும் சொல்லும். இல்லாவிட்டாலும், ஒன்ராறியோச் சட்டப்படி 20 பேரோ அதற்குக் கூடவோ வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி இருக்க வேண்டும். 6 முதல் 19 பேர் என்றால் தொழிலாளர் தெரிவு செய்கிற ஒரு பிரதிநிதி. மெஷின் ஓடும்போது யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் அவர்களிடம் கேட்கக்கூடிய விஷயம். ஆபத்தென்று பட்டால் அந்த வேலையைச் செய்ய மறுக்கிற உரிமையும் உமக்கு உண்டு. புதிதாக வந்தவன் வாய் திறந்தால் வேலையால் நிற்பாட்டிவிடுவார்கள் என்று எங்கள் ஆட்கள் புத்தி சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சொன்னவர்களில் சிலர் கடைசிவரை கையில் காசு வாங்கியே வேலை செய்தவர்கள். சம்பளத்தில் வெட்டிச் சேருகிற பென்சன் கணக்கில் இப்போது அவர்களுக்கு ஒன்றுமில்லை. அதை நினைத்தால் எனக்கு வயிறெரியும்.

2019இல் நான் லீட் ஹாண்டாக, அதாவது குழுவுக்குப் பொறுப்பாக, இருந்த கட்டடத்துக்கு றோபோ வந்தது. இந்த வகை மெஷினை எங்கேயோ ஜப்பானில்தான் செய்வார்கள் என்று நினைக்காதேயும். 2014இல் தொடங்கிய அவிட்பொட்ஸ் இங்கே ஒன்ராறியோவில் கிச்சனர் நகரத்துக் கொம்பனிதான், நியோ என்கிற றோபோ அவர்களுடையது. இவை லேசரால் சுற்றுவட்டத்தை அளந்து, பதிந்து வைத்த வரைபடத்தோடு ஒப்பிட்டு ஓடும். கண்ணாடிச் சுவரை லேசருக்குச் சரியாகத் தெரியாது, அந்த இடங்களை வரைபடத்தில் நாங்கள்தான் அடைத்துவிட வேண்டும். அகலமான தரையை அருமையாகக் கழுவும். வாஷ்ரூம், படி, மூலை, ஒட்டிக் காய்ந்த சுவிங்கம் எல்லாம் எங்கள் கைக்குத்தான். தண்ணீரை வழித்தெடுக்கிற பின்பக்க ரப்பரில் ஒரு நூல் சிக்கினால் போதும், கோடு இழுத்தாற்போல் தண்ணீரை விட்டுக்கொண்டே போகும். யாராவது வழுக்கி விழுவார்கள். ஷிப்ட் முடிய அழுக்குத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி மூடியைத் திறந்து வையும், இல்லாவிட்டால் அடுத்த நாள் நாற்றம் தாங்காது.

எங்களிடம் ஒரு அம்மா இருந்தார், ஊர் கரவெட்டி, அதே தளத்தில் பதினான்கு வருடம். பாதை பதிகிற நாளில் அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. நான்தான் கூட்டிப்போனேன். பஸ் ஸ்ரொப் பக்கத்துக் கதவடியில் பனி நாட்களில் உப்புத் தண்ணீர் தேங்கி வெள்ளையாகப் படிந்துவிடும், அங்கே இரண்டு தரம் ஓட வேண்டும், வழக்கமான சோப் போட்டால் போகாது, உப்புக் கறை போக்குகிற நியூற்றலைசர் போட வேண்டும் என்றார். அப்படியே பதிந்தோம். பட்டன்களைப் படமாகக் கீறி, பக்கத்தில் தமிழில் எழுதி, அந்தத் தாளை சார்ஜர் இருக்கிற சுவரில் ஒட்டினேன். ஒரு கிழமையில் அவரே ஸ்க்ரீனில் விரல் வைத்து ஓடவிட்டார். மிஞ்சுகிற நேரம் வாஷ்ரூமுக்கும் கண்ணாடிக்கும் என்று முதலே எழுதி வாங்கியிருந்தோம், ஒருவருக்கும் மணித்தியாலம் குறையவில்லை.

உம்முடைய அம்மாமாரிடம் இன்றைக்கே போய், நான் பழகுவதை உங்களுக்கும் காட்டித் தருவேன் என்று சொல்லும். பாஸ்வேர்ட்டைத் தன்னோடு வைத்துக்கொண்டு ராசா மாதிரித் திரிந்த எங்கள் ஆள் ஒருவரையும் கண்டிருக்கிறேன். எனக்கு அது பொறுக்காது, ஏனென்றால் எனக்கு வேலை பழக்கியவர் அப்படி இல்லை. அவர் ஒரு போர்த்துக்கேய அம்மா. 1984இல் ஃபெர்ஸ்ட் கனேடியன் பிளேஸ் என்கிற டவுன்ரவுன் கந்தோர்க் கோபுரத்தில் கிளீனிங் செய்த போர்த்துக்கேயப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வாசலில் நின்றவர். எங்கள் ஆட்கள் கல்யாண வீட்டில் கிளீனிங் என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். அவர் சொல்லும்போது தலை நிமிர்ந்திருக்கும். முதல் இரவு எனக்கு இங்கிலீஷ் வராது, அவருக்கும் அரைகுறை. என் கையிலிருந்து மொப்பை வாங்கி, பின்பக்கமாக நடந்துகொண்டே தரையில் எட்டு எட்டாக எழுதிக் காட்டினார். மூன்று மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார், ஊர்க் கருவாட்டு மணம். பாணைப் பிய்த்துப் பாதியை எனக்கு நீட்டினார்.