கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் எளிமையாக, சத்தாகச் சமைக்க எப்படித் திட்டமிடுகிறீர்கள்?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவு: தஞ்சாவூரில் குடியிருக்கிறீர்கள், இருவருக்கும் வேலை, மாமனாருக்குச் சர்க்கரை, பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை. வாரப் பட்டியல் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டியும் புதன்கிழமைக்கு மேல் ஓடவில்லை. சோற்றைக் குறைத்தால் பெரியவர் முகம் மாறுகிறது.

எங்கள் வீடு தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்துக்குப் பக்கம். எனக்கு வங்கி வேலை, மனைவி பள்ளி ஆசிரியை. காலைச் சமையல் என் பொறுப்பு, ராத்திரி அவருடையது. அப்பா விவசாயி, அவருக்கும் சர்க்கரை. ஊர் மட்டும்தான் வேறு.

பட்டியல் ஏன் ஓடாது என்றால், எல்லாரும் அதில் குழம்பை எழுதுகிறோம். திங்கள் சாம்பார், செவ்வாய் வத்தக்குழம்பு, புதன் மோர்க்குழம்பு. குழம்பு எதற்கு? சோற்றை உள்ளே இறக்குவதற்கு. அதை வைத்துத் திட்டம் போட்டால் தட்டில் முக்கால்வாசி சோறுதான் இருக்கும். தொட்டுக்கொள்ள என்ன என்பது காலை ஏழு மணிக்கு யோசிக்கிற காரியமாகிவிடும். அந்த நேரத்தில் கைக்கு வருவது அப்பளம், இல்லையென்றால் உருளைக்கிழங்கு வறுவல். எங்கள் வீட்டில் தொட்டுக்கொள்வதை முதலில் முடிவு செய்கிறோம். நாளைக்கு என்ன கீரை அல்லது காய், என்ன பயறு? இரண்டும் தெரிந்துவிட்டால் குழம்போ ரசமோ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அரிசி கடைசியில்.

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இன்னின்ன என்று அளவு சொல்லியிருக்கிறார்கள். தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம் (அதில் கீரை 100), பருப்பு பயறு அல்லது முட்டை மீன் இறைச்சி 85 கிராம், பழம் 100 கிராம், பால் தயிர் 300 மில்லி, கொட்டை வகைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். பருப்பும் தானியமும் சமைக்காத எடையில். அரிசி, இட்லி அரிசி, ரவை, கோதுமை எல்லாம் அந்த 250 கிராமுக்குள் வந்துவிட வேண்டும்.

இதை நம் டெல்டா அடுப்படியில் வைத்துப் பாருங்கள். நாலு பேருக்குச் சாம்பார் வைக்க 100 கிராம் துவரம் பருப்பு போடுவோம். தலைக்கு 25 கிராம். அதில் கிடைக்கும் புரதம் ஐந்தாறு கிராம்தான், ஒரு முட்டையில் இருக்கும் அளவு. சாம்பார் வைத்துவிட்டோம், பருப்பு ஆகிவிட்டது என்று நினைப்பது வெறும் ஆறுதல். மீதி 60 கிராம் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். ரேஷனில் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பு மாதம் முழுக்கப் போதுகிற வீடு என்றால், அந்த வீட்டில் பருப்பு போதவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆகவே என்னைப் பொறுத்தவரை திட்டம் என்பது முந்தின நாள் ராத்திரி, பாத்திரம் கழுவி முடித்ததும், ஒரு கிண்ணத்தில் எதையாவது ஊறப்போடுவது. அது நடந்துவிட்டால் மறுநாள் பாதி முடிந்தது. நடக்கவில்லை என்றால் எந்தப் பட்டியலும் காப்பாற்றாது. கொண்டைக்கடலையும் காய்ந்த மொச்சையும் ராத்திரி முழுக்க ஊற வேண்டும். பச்சைப்பயறு ஆறு மணி நேரத்தில் ஊறிவிடும், தட்டைப்பயறு அதைவிடச் சீக்கிரம். மறந்துபோன நாளுக்குப் பாசிப்பருப்பு இருக்கவே இருக்கிறது, அதை ஊறவைக்க வேண்டியதே இல்லை. பச்சைப்பயற்றைக் காலையில் வடித்து ஈரத்துணியில் கட்டி வைத்தால் மறுநாள் முளை விட்டிருக்கும். பிள்ளைக்கு மாலையில் கொடுக்க அது ஆகும். சின்னப் பிள்ளைக்கும் வயதானவருக்கும் லேசாக ஆவியில் வைத்துக் கொடுங்கள், பச்சையாக வேண்டாம்.

பயறு வாங்குவதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பச்சைப்பயறும் விதைப்பார்கள். வயலில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே அது விளைந்துவிடும். பங்குனி, சித்திரையில் புதுப்பயறு வீட்டுக்கு வரும். அந்தச் சமயத்தில் தெரிந்த விவசாயியிடம் வருஷத்துக்கு வேண்டியதை வாங்கி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்து, ஆறியபின் காய்ந்த வேப்பிலை போட்டு டப்பாவில் அடைத்துவிடுவோம். கடையில் கிலோ கிலோவாக வாங்கும்போது கை தயங்கும். வீட்டில் டப்பா நிறைய இருந்தால் தயங்காது.

இதைத் தினமும் சுண்டலாக்கினால் யாரும் சாப்பிட மாட்டார்கள். எங்கள் அப்பாவே ஒருநாள், "சுண்டல் கோயில்ல குடுக்குறது, வீட்டுல சோத்தப் போடுப்பா" என்றார். நியாயம்தான். ஆனால் தஞ்சாவூர்ச் சமையலில் பருப்பைத் தொட்டுக்கொள்ளும் பண்டமாக மாற்றுகிற வித்தை நிறையவே இருக்கிறது. உசிலியைப் பாருங்கள். துவரம் பருப்பும் கடலைப் பருப்பும் ஊறவைத்து, மிளகாய் வற்றல் சேர்த்துக் கொரகொரவென்று அரைத்து, இட்லித் தட்டில் வேகவைத்து உதிர்த்து, வெந்த கொத்தவரங்காயோடோ வாழைப்பூவோடோ புரட்டினால், காயும் பருப்பும் சரிபாதியாக ஒரு பண்டம். அதற்கு மோர்க்குழம்பு. பொரிச்ச கூட்டு இன்னும் சுலபம்: புடலங்காய், பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், கொஞ்சம் தேங்காய். பருப்புத் துவையலும் ரசமும் சளி பிடித்த நாளுக்கு. இட்லிக்குத் தேங்காய்ச் சட்னிக்குப் பதிலாகக் கும்பகோணம் கடப்பா வையுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும்தான் அதன் உடம்பு. உருளைக்கிழங்கைப் பாதியாகக் குறைத்து, பருப்பைக் கூட்டினாலும் ருசி கெடுவதில்லை.

உசிலிக்கு ஒரு குறிப்பு. பருப்பை ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக அரைத்து, வேகவைத்து, உதிர்த்து, மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்தால் செவ்வாய்க்கிழமைக்கு இன்னொரு காயோடு புரட்டிவிடலாம். தேங்காய் சேர்த்த எதையும் அப்படி வைக்காதீர்கள். முதலில் கெடுவது தேங்காய்தான், நம் ஊர் மின்தடையில் இன்னும் சீக்கிரம்.

கீரை விஷயத்துக்கு வருகிறேன். தலைக்கு நூறு கிராம் என்றால் நாலு பேருக்குப் பெரிய கட்டாகவே வேண்டும். ஆய்வதற்கு நேரம் இல்லை என்பதுதான் எல்லா வீட்டிலும் தகராறு. எங்கள் வீட்டில் அது அப்பாவின் வேலை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ஆய்ந்து, கழுவாமல் பருத்தித் துணியில் சுற்றி வைத்துவிடுவார். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், மை ஒட்டும். உங்கள் மாமனாரிடமும் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். தான் ஆய்ந்த கீரையை யாரும் தட்டில் ஒதுக்கிப் பார்த்ததில்லை. அரைக்கீரை, சிறுகீரை என்றால் மசியல், முருங்கைக்கீரை என்றால் பொரியல். எங்கள் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. கொடி ஏறுவதற்கு அகத்தியைத்தான் நடுவார்கள், அதனால் அகத்திக்கீரைக்குப் பஞ்சம் இல்லை. சித்த மருந்து சாப்பிடுகிறவர்கள் அகத்தியைத் தள்ளிவைப்பது வழக்கம். கீரை வெந்து இறக்கியதும் எலுமிச்சை பிழிவது நல்லது, அதிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் பலன் குறையும். ஒரு மணி நேரம் போகட்டும்.

காய்கறியை வாரத்துக்கு ஒரே தடவையாக வாங்காதீர்கள். இரண்டாகப் பிரியுங்கள். வாங்கியதில் எது முதலில் வாடுமோ அது முதலில் அடுப்பேற வேண்டும்: கீரை, வெண்டை, வாழைப்பூ முன்னால், அவரை, கத்தரி நடுவில், பூசணி, சேனை, வாழைக்காய் கடைசி. இந்த வரிசையைப் பிடித்தால் வாரப் பட்டியல் தனியாக எழுதவே வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய் விலை ஏறும்போது பூசணியும் பயறும் மணத்தக்காளி வற்றலும் வைத்து ஒப்பேற்றலாம்.

அசைவம் உண்டு என்றால் வேலை பாதி குறைவு. நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தி, நெத்திலி விலையும் குறைவு, சத்தும் அதிகம். வறுக்காமல் குழம்பாக வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, கடல்மீன் விலை எகிறும். அப்போது குளத்துக் கெண்டை, விரால், இல்லையென்றால் முட்டை. கருவாட்டைப் பதிலியாக நினைக்காதீர்கள், உப்பு அதிகம்.

உப்பு, எண்ணெய்க்குத் தினம் தினம் அளக்கிற கதையெல்லாம் நடக்காது. மாதக் கணக்கு போதும். தலைக்கு 27 கிராம் என்றால் நாலு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர் எண்ணெய். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து கிராம் உப்புக் கணக்கில் ஒரு கிலோ பொட்டலம் நாலு பேருக்கு ஐம்பது நாள் வர வேண்டும், அதுவும் ஊறுகாய், அப்பளத்தில் இருப்பதைச் சேர்க்காமல். வாங்கிய தேதியைப் பொட்டலத்தின் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

அரிசி. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். நல்லதுதான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் போன்றவர்கள் இந்த ரகங்களைத் தேடிச் சேர்க்கவில்லை என்றால் இன்றைக்குக் கேட்கக்கூட ஆள் இருந்திருக்காது. ஆனால் கவுனி என்பதற்காக மூன்று கரண்டி போட்டுச் சாப்பிட்டால் சர்க்கரைக்காரருக்கு லாபம் ஒன்றும் இல்லை. தினமும் வாங்கக் கட்டுப்படியாகாது என்றால் புழுங்கலரிசியே போதும். நெல்லை அவிக்கும்போது உமி, தவிட்டிலுள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால் பச்சரிசியைவிட அது மேல். கஞ்சியை வடித்துக் கொட்டாமல் அளவாகத் தண்ணீர் வைத்து வேகவிடுங்கள், அந்தச் சத்தும் வெளியே போகாது.

இனி பெரியவர் முகம். தட்டில் போட்ட பிறகு குறைக்கப் பார்த்தால் சண்டைதான் வரும். "என்னப்பா, சோத்த எண்ணிப் போடுற?" என்று அப்பாவும் கேட்டார். பந்தியில் வைத்துப் பேசி ஜெயிக்க முடியாது. அரிசி அளக்கிற டம்ளரைச் சின்னதாக மாற்றிவிட்டோம். குக்கரிலேயே குறைவாக இருந்தால் வற்புறுத்துவதற்கும் இல்லை, மறுப்பதற்கும் இல்லை. சோறு வருவதற்கு முன்னால் இலையில் கூட்டும் பொரியலும் நிறைய வைத்துவிடுவோம். பசியில் கை முதலில் அதற்குத்தான் போகும். இரண்டாம் சோறு கேட்டால் மோரோடு கொஞ்சம், மறுபடி கூட்டு. பழையது அவருக்கு உயிர். அதை நிறுத்தவில்லை. ஒரு கைப்பிடி சோறு, நிறைய மோர், சின்ன வெங்காயம், பக்கத்தில் பச்சைப்பயறு. ஒன்று மட்டும் கவனியுங்கள்: மாமனார் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால், சோற்றைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தளவு அப்படியே இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம்.

ராத்திரிக்கு மாவு. நாலுக்கு ஒன்று என்ற இட்லிக் கணக்கில் உளுந்தைக் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள். முதல் நாள் இட்லி, அடுத்து தோசை, புளிப்பு ஏறினால் வெங்காயம் போட்டு ஊத்தப்பம். மாவு தீர்ந்த அன்றைக்கு அடை. அரிசி ஒரு பங்கு, துவரை, கடலை, பாசி, உளுந்து எல்லாம் சேர்ந்து ஒரு பங்கு, சாயங்காலம் வந்ததும் ஊறவைத்தால் எட்டு மணிக்கு அரைத்துவிடலாம், புளிக்கவைக்க வேண்டியதில்லை. மிச்சமிருக்கும் முருங்கைக்கீரையை அதிலேயே உருவிப் போட்டுவிடுங்கள்.