பாப்பாவை காட்டுக்கு அனுப்பலாமான்னு கேட்ட அக்காவுக்கு

அக்கா, உங்க வாய்ஸ் மெசேஜை ரெண்டு தடவை கேட்டேங்க. பாப்பா நீட் கோச்சிங்கே வேண்டாம்னுட்டா, யானை பத்தி ஆராய்ச்சி பண்ணுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா, அவங்கப்பா ரெண்டு நாளா வீட்டுல யார்கிட்டயும் பேசறதில்ல, நடுவுல நீங்க மாட்டிக்கிட்டு முழிக்கறீங்க. "ஜூல வேலை பாக்கறதுக்கா இவ்வளவு பீஸ் கட்டினோம்"னு கேட்டாராமே, பாவம், அவருக்கு யாரும் இது என்ன வேலைன்னே சொல்லலன்னு நெனைக்கறேன்.

எங்கிட்ட முன்னாடி ஆலோசனைக்கு வந்த பையன் ஒருத்தன் இப்ப நீலகிரில மசினகுடி பக்கம் ரூம் எடுத்து தங்கி பீல்டு ஒர்க் பண்றான். ஒரு தடவை ஊட்டி போறப்ப எட்டிப் பாத்தேன். தண்ணி எடுக்கலாம்னு ப்ரிட்ஜை திறந்தா மேல் தட்டுல இட்லி மாவு, கீழ் தட்டுல வரிசையா சின்னச் சின்ன டியூபு, ஒவ்வொண்ணுலயும் மார்க்கர்ல தேதி, நேரம், எடம், ஆணா பொண்ணான்னு. என்னடான்னு கேட்டா யானை லத்திங்கறான்! அதுக்கப்புறம் அங்க சாப்பிடவே இல்ல நானு.

சிரிக்காதீங்க, விஷயமே அங்கதான் இருக்கு. யானைக்கு ஸ்ட்ரெஸ் இருக்கான்னு பாக்க ரத்தம் எடுக்கணும்னா மயக்க ஊசி போடணும், அந்த ஊசியே அதுக்கு பெரிய ஸ்ட்ரெஸ். அதனால யானை லத்தி போட்டு நகர்ற வரைக்கும் தூரத்துலயே காத்திருந்து சூட்டோட எடுத்து, லேப்ல ஸ்ட்ரெஸ் ஹார்மோனோட மிச்சம் எவ்வளவு இருக்குன்னு அளக்கறாங்க, கூடவே விலா எலும்பு, இடுப்பு எலும்பு எவ்வளவு துருத்திக்கிட்டு தெரியுதுன்னு பாத்து ஒடம்புக்கு மார்க் போடறாங்க. முதுமலை, பந்திப்பூர்ல பெங்களூரு ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் நிறுவனம்) ஆளுங்க இப்படி பண்ணி 2017ல வெளியிட்டாங்க. மெலிஞ்ச யானைக்கு அந்த ஹார்மோன் அதிகமா இருந்துச்சு, வறட்சி மாசத்துல இன்னும் ஏறுச்சு. சரி, இது நாமளே யூகிக்கலாம். ஆனா 2019ல வந்த அடுத்த பேப்பர்ல தோட்டத்துல புகுந்து பயிர் மேயற யானைங்களைப் பாத்தா, பட்டாசு, வெரட்டல்னு இவ்வளவு தொந்தரவுக்கு நடுவுலயும் அதுங்களுக்கு ஹார்மோன் கம்மி! நல்ல சத்தான தீனி கெடைக்கறது காரணமா இருக்கலாம்னு சொன்னாங்க. ஊருக்குள்ள வர்ற யானையை வெரட்டிட்டா போதுமாங்கற கேள்வியே இதுல வேற மாதிரி ஆயிடுது பாருங்க. அதே மாதிரி மத்தியப் பிரதேசத்துல கன்ஹா, பாந்தவ்கர் புலிகள் காப்பகத்துல டூரிஸ்ட் வண்டி அதிகமா ஓடற சீசன்ல புலிக்கு ஸ்ட்ரெஸ் ஏறுதுன்னு ஹைதராபாத்ல இருக்கற சிசிஎம்பிங்கற உயிரியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்களும் எச்சத்தை வச்சுதான் கண்டுபிடிச்சாங்க.

பாப்பாகிட்ட நான் கேக்கப் போறதும் இதான். யானைக்குட்டி வீடியோ எல்லாருக்கும்தான் புடிக்கும், டியூபுல பேர் எழுதி, எக்செல்ல ஏத்தி, ராத்திரி பூரா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போடறது புடிக்குமா? மேக்ஸ் வேண்டாம்னு பயாலஜி எடுத்த பசங்க இங்கதான் தடுக்கி விழறாங்க.

நீங்க பயப்படறது தப்பில்லீங்கக்கா, ஆனா பொம்பளப் புள்ளைய தனியா காட்டுக்குள்ள யாரும் அனுப்ப மாட்டாங்க. வனத்துறை பர்மிஷன் இல்லாம காலே வைக்க முடியாது, கூட எப்பவும் உள்ளூர் ஆள் வருவாங்க, பெரும்பாலும் குறும்பர், இருளர் மாதிரி பழங்குடிக்காரங்க, நமக்கு பொதர் மட்டும் தெரியற எடத்துல அவங்களுக்கு யானை வாசம் அடிச்சிடும். எனக்கு யானைய விட உண்ணிதான் பயம், அந்தப் பக்கம் குரங்கு காய்ச்சல் பரப்பறது அதுதான். அப்புறம் டவர் கெடைக்காம நாலு நாள் போன் வரலன்னா நீங்க தாங்குவீங்களான்னும் யோசிங்க.

படிப்புக்கு ரெண்டு ரூட் இருக்குங்க. மருந்து, ஊசி, ஆபரேஷன்னு மிருகத்துக்கு வைத்தியம் பாக்க ஆசைன்னா பிவிஎஸ்சி, அதாவது கால்நடை மருத்துவப் படிப்பு, அஞ்சரை வருஷம். நம்ம தமிழ்நாட்டு கோட்டாவுக்கு ப்ளஸ் டூ மார்க்குதான், நீட் கேக்கறது ஆல் இந்தியா 15 சதவீத சீட்டுக்கு மட்டும், அதனால அவங்கப்பாகிட்ட "நீட் இல்லாமயும் டாக்டர்"னு சொல்லி கொஞ்சம் சமாதானம் பண்ணலாம். ஆராய்ச்சிதான்னா பிஎஸ்சி ஜுவாலஜி போதும், இல்ல மேட்டுப்பாளையம் பாரஸ்ட்ரி காலேஜ் நமக்கு பக்கம். மேல எம்எஸ்சிக்கு மயிலாடுதுறை ஏவிசி, ஊட்டி அரசு கலைக் கல்லூரி ரெண்டுலயும் வைல்ட்லைப் பயாலஜி இருக்கு. டேராடூன் டபிள்யூஐஐ (இந்திய வனவிலங்கு நிறுவனம்), பெங்களூரு என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையம்) ரெண்டும் எடம் கெடைக்கறது ரொம்ப கஷ்டம், நாடு பூரா எழுதறாங்க, கைவெரல் விட்டு எண்ணற அளவுதான் சீட்டு.

காசு விஷயம் மறைக்க மாட்டேன். நெட்ங்கற தேசிய தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினா 2023லேருந்து மாசம் 37,000, அதுவும் மாசாமாசம் கரெக்டா வரும்னு நம்பி இஎம்ஐ எடுத்துடாதீங்க. நெட் இல்லாம புராஜெக்ட்ல சேர்ந்தா இதைவிட கம்மிதான், புராஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடிஞ்சுது. முப்பது வயசு வரைக்கும் ஒரு நெலையா நிக்காது, கல்யாணப் பேச்சை அதுக்குள்ள எடுத்தீங்கன்னா வீட்டுல சண்டைதான். கவர்மெண்ட் வேலைதான் வேணும்னு அவர் புடிவாதமா இருந்தா யுபிஎஸ்சி பாரஸ்ட் சர்வீஸ் இருக்கு, ஜுவாலஜி, வெட்னரி, பாரஸ்ட்ரி எது படிச்சாலும் எழுதலாம், ஆனா அது நிர்வாக வேலைங்க, ஆராய்ச்சி பண்ண நேரம் இருக்காது.

இப்போதைக்கு எந்த அப்ளிகேஷனும் போட வேண்டாம். பாப்பாவை ஒரு நோட்டு வாங்கிக்கச் சொல்லுங்க, தெனம் காலைல ஒரு மணி நேரம் மொட்டை மாடில ஒக்காந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணுக்குத் தெரியற காக்கா ஒவ்வொண்ணும் என்ன பண்ணிட்டிருக்குன்னு எழுதணும், திங்குதா, சண்டை போடுதா, சும்மா இருக்கா, அவ்வளவுதான், போன் கையில இருக்கக் கூடாது. பதினஞ்சு நாள். அஞ்சாவது நாளே போர் அடிக்குதுன்னு விட்டுட்டா திட்டாதீங்க, அதுவும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்தான். எழுதி முடிச்சிட்டான்னா நோட்டோட வரச் சொல்லுங்க, அவங்கப்பாவையும் கையோட கூட்டிட்டு வாங்க, ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மேல நான் ப்ரீதாங்க.