ஆறு மாத ஊசியா, தாய்மாமன் சீரா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி போட வேண்டும் என்று வேலூரில் சொல்லி, முதல் ஊசி போட்டாகிவிட்டது. விலை 12,000 ரூபாய். அடுத்தது போட வேண்டிய மாதத்தில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. சீர் செய்ய வேண்டும். ஊசியை மூன்று மாதம் தள்ளலாமா? காப்பீட்டில் கிடைக்குமா? – குடியாத்தம் வாசகர்

பதில்: சீரில் ஒரு தட்டைக் குறையுங்கள். ஊசியைத் தள்ளாதீர்கள்.

இது ஆன்டிபாடி மருந்து. எலும்பைக் கரைக்கும் செல்களை வளர்த்துவிடும் ஒரு புரதத்தைப் பிடித்துக் கட்டிவைக்கிறது. ஆறு மாதம் போனதும் பிடி தளரும். அடங்கியிருந்த கரைப்பு முன்பைவிட வேகமாகக் கிளம்பும். அப்போது முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் வருவதுண்டு. ஏழு மாதத்தைத் தாண்ட விடக்கூடாது. விலை கட்டவில்லை என்று நடுவில் நிறுத்தினாலும் இதே ஆபத்துதான். நிறுத்துவதானால் டாக்டர் சொல்லும் நேரத்தில் ஜோலெட்ரானிக் அமிலம் டிரிப்போ, வாராந்திர மாத்திரையோ தொடர வேண்டும். அந்தச் செலவும் உங்கள் கணக்கில் இருக்கட்டும்.

வருடத்துக்கு இரண்டு ஊசி, 24,000. கால்சியம், வைட்டமின் டி, ரத்தப் பரிசோதனை சேர்த்து மாதம் 2,500 ரூபாய் ஆர்.டி. போடுங்கள். சீட்டு எடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஏலம் உங்கள் ஊசித் தேதிக்குக் காத்திருக்காது. உண்மையான சேமிப்பு வேறு இடத்தில்: இதே மருந்தைப் பல இந்தியக் கம்பெனிகள் பயோசிமிலராக, அதாவது அசலுக்கு இணையான மாற்றாகத் தயாரிக்கின்றன. விலை வித்தியாசம் இருக்கும். மாற்றலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

காப்பீட்டில் பெரிதாக நம்ப வேண்டாம். பாலிசியின் நவீன சிகிச்சைப் பட்டியலில் 'மோனோக்ளோனல் ஆன்டிபாடி ஊசி' என்று இருக்கும்; இதுவும் அந்த வகைதான். ஆனால் அது அட்மிஷன் அல்லது டே-கேர் சிகிச்சைக்கு. தோலுக்கடியில் குத்திக்கொண்டு உடனே வீடு திரும்புவதை ஓ.பி. என்று நிராகரிப்பார்கள். க்ளெய்முக்காகவே ஒருநாள் படுக்கவைத்தால் 'அவசியம் என்ன?' என்ற கேள்வி வரும். ஓ.பி. கவர் இருந்தால் மட்டும் கேட்டுப் பாருங்கள்.

அம்மாவுக்குக் காப்பீடே இல்லை, நீங்கள் பழைய வரிமுறையில் இருக்கிறீர்கள் என்றால், வருமான வரியில் 80டி என்று பழகிய கழிவில் அவர் மருத்துவச் செலவை 50,000 வரை காட்டலாம். ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது. யுபிஐயில் கட்டி, அம்மா பெயரில் பில் வாங்குங்கள்.

மருந்தை வேலூரில் வாங்கி குடியாத்தத்தில் போடுவதானால் 2 முதல் 8 டிகிரியில் கொண்டுபோக வேண்டும். ஐஸ் நேராகப் படக்கூடாது, உறைந்தால் வீண். மே மாத பஸ்ஸில் கைப்பையில் வைத்தால் 12,000 ரூபாய் போச்சு. வாங்கிய இடத்திலேயே போட்டுக்கொண்டு வருவது மேல்.

ஆடும் பல் ஏதாவது இருந்தால் அடுத்த ஊசிக்கு முன்பே பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இந்த ஊசி போடுபவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும். அந்தச் செலவு சீரைவிடப் பெரியது.