விலை எழுதாத மீன்

கேள்வி: ஹாங்காங்கில் மகன் அழைத்துச் சென்ற கான்டனீஸ் கடலுணவுக் கடையில், மீனுக்கு விலையே போடாத பட்டியலைத் தந்து, மசாலா இல்லாமல் அவித்த மீனைத் தலையோடு வைத்தார்கள். இது என்ன வழக்கம்?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: நம் துறைமுகத்தில் ஏலம் முடியும்வரை வஞ்சிரத்தின் விலை யாருக்குத் தெரியும்? அங்கும் அன்றைய விலைதான். தொட்டியில் நீந்தும் மீனைக் காட்டினால், சுமார் 605 கிராம் கொண்ட ‘கேட்டி’ என்னும் எடைக் கணக்கில் நிறுத்துச் சொல்வார்கள் என்பதால், சமைக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. உயிர்மீனின் இனிப்பை மறைக்கக் கூடாது என்பதற்காகவே மசாலாவைத் தவிர்த்து, இஞ்சியோடு ஆவியில் வேகவைத்து, வெங்காயத்தாளைத் தூவி, அதன்மேல் நன்கு காய்ந்த எண்ணெயைச் சுரீரென ஊற்றி, சோயா சாற்றையும் சேர்க்கிறார்கள். (எனக்கோ, பக்கத்தில் ஒரு கிண்ணம் புளிக்குழம்பு இருந்தால் தேவலை.) மேல்பக்கம் தீர்ந்ததும் மீனைப் புரட்டாமல் நடுமுள்ளை எடுத்துவிட்டுச் சாப்பிடுங்கள், புரட்டினால் படகு கவிழும் என்பது அங்குள்ள மீனவர் நம்பிக்கை.